யாரு யாருக்காக எத விட்டுக்குடுத்தாங்க

கேட்டு

முதல் நாள் எனக்குக் குடுத்த வேலை வீட்டு வாசக் கேட்டத் தட்டறது. அவ்வளவுதான். மத்ததெல்லாம் டாக்டர் பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்க.

டாக்டர்னா ஊசி போடற டாக்டர் இல்ல. பேரு ஷர்மினி. ஜேபி டவுன் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில படிச்சுப் படிச்சு டாக்டர் ஆனவங்க. கூலாய்ல எங்க தாமான் குடியிருப்புல அவங்க வெள்ளைக் காரு காலையில இருந்து சுத்திக்கிட்டே இருந்துச்சு. கழுத்துல கார்டு தொங்க வீடு வீடா போயி நின்னாங்க. ஒருத்தரும் தொறக்கல. எப்படித் தொறப்பாங்க? கழுத்துல கார்டோட வர்றவங்க எங்க கணக்குல ஒண்ணு இன்சூரன்ஸ், இல்ல தண்ணி பில்டர், இல்ல வட்டிக்கு விடற ஆலோங் கடன் வசூலுக்கு அனுப்பின ஆளு. எதிர் வீட்டுக்காரரு டிவிய ஓட விட்டுக்கிட்டே ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, வீட்டுல யாரும் இல்லன்னு அவரே பதில் சொன்னாரு.

வெயில்ல நிக்குதே பாவம்னு நான்தான் கூப்பிட்டு கோப்பி குடுத்தேன். அந்தப் பொண்ணு குடிச்சிட்டு, "ஆண்ட்டி, உங்கட ஆக்கள் ஏன் கதவு திறக்கினம் இல்லை?"ன்னு கேட்டுச்சு. பேச்சக் கேட்டதும் சிலோன்காரங்கன்னு தெரிஞ்சிடுச்சு. அவங்க அப்பா அரசாங்க ஆபிஸ்ல பெரிய வேலை. எங்க அப்பா பாலோ பக்கம் தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு. நான் மூணாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ. தோட்டத்துல செம்பனை உதிரிப் பழம் பொறுக்கினேன். அப்புறம் செனாய்ல ஒரு பேக்டரி கேன்டீன்ல சோறு போட்டேன். தாமான்ல பாதிப் பேரு என் கையால தின்னவங்க. நான் தட்டினா தொறப்பாங்க. அதுக்குத்தான் என்ன வேலைக்குச் சேத்துக்கிட்டாங்க.

என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். புருசன் பொண்டாட்டி ஒருத்தருக்காக ஒருத்தர் தினம் எத விட்டுக்குடுக்கறாங்கன்னு பாக்கறாங்களாம். கிட்னி குடுக்கற மாதிரி பெருசு இல்ல. சின்னச் சின்னது. யாரு பாக்கற சேனல் ஓடுது, தீபாவளிக்கு யாரு அம்மா வீடு, ஏர்கான யாரு கூட்டி வக்கிறாங்க. எனக்கு அப்பவே சந்தேகம். இதத் தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்? ஏர்கான் கம்பெனிக்காரன் அனுப்பினானான்னு நேராவே கேட்டேன். டாக்டர் சிரிச்சாங்க. ஆனா இல்லன்னு சொல்லல. அதயும் மனசுல வச்சுக்கிட்டேன்.

உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர்

வேலை இப்படித்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதே வீடுங்களுக்குப் போகணும். மொதல்ல பொண்டாட்டி உள்ள, புருசன் வெளிய. அப்புறம் மாத்தி. டாக்டர் கேள்வி கேப்பாங்க. டாக்டரோட தமிழு இவங்களுக்குப் புரியலேன்னா, இவங்க தமிழு டாக்டருக்குப் புரியலேன்னா, நடுவுல நான். முக்கியமா கேக்கறது ரெண்டுதான். இந்த வாரம் அவருக்காக நீங்க எதயாவது விட்டீங்களா? உங்களுக்காக அவரு எதயாவது விட்டாரா? ரெண்டு பேருகிட்டயும் ரெண்டு கேள்வியும்.

ஒரே சட்டம். வீட்டுக்குள்ள ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போகக் கூடாது. அதுக்கு என்கிட்ட கையெழுத்து வேற வாங்கிட்டாங்க.

மொத வீட்டுல டாக்டர், "நீங்கள் என்ன தியாகம் செய்தீங்கள்?"னு கேட்டாங்க. அந்த ஆளு மெரண்டு போயி, நான் பட்டாளத்துச் சண்டைக்கெல்லாம் போகலீங்க, லோரிதான் ஓட்றேன்னு சொன்னாரு. அப்புறம் டாக்டரும் நானும் சேந்து கேள்விய மாத்தினோம்.

வெளிய நிக்கிறவங்கதான் பாக்க வேண்டிய கூட்டம். உள்ள பெருசா ஒண்ணும் இருக்காது, மருமக சோறு குழைய வடிக்கிறான்னு பேசிக்கிட்டு இருப்போம். வெளிய நிக்கிற புருசனுக்கு இருப்புக்கொள்ளாது. மோட்டார் சைக்கிள் டயர்ல காத்து இருக்கான்னு பாப்பாரு. அந்த மோட்டாரு நேத்து வரைக்கும் கேட்டுகிட்ட நின்னுச்சு, இன்னிக்கு ஜன்னலுக்குக் கீழ வந்திருக்கும். ஒரு அம்மா மழ பெய்ஞ்சுக்கிட்டு இருக்கறப்பவே வாசலுக்குத் தண்ணி அடிச்சு விட்டுச்சு. அதனால ரேடியோவ சத்தமா வக்கிறதும் என் வேலை ஆயிடுச்சு.

நாங்க வெளிய வந்ததும் பாக்கணும். ஒருத்தர ஒருத்தர் மேலயும் கீழயும் அளப்பாங்க. என்னப் பத்தி என்ன சொன்ன? ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாததுக்கா இவ்ளோ நேரம்? நாங்க கோப்பி குடிச்ச கப்பு காயறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடும்.

இந்த வேலை பாத்து எனக்கும் அந்தச் சீக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு நாளு எங்க வீட்டு ஆள உக்கார வச்சு, கல்யாணம் கட்டின நாள்ல இருந்து எனக்காக நீங்க எத விட்டீங்கன்னு கேட்டேன். டிவியில இருந்து கண்ண எடுக்காம, "பேசறத விட்டுட்டேன்"ன்னாரு. யோசிச்சுப் பாத்தா உண்மைதான். நான் அத ஒரு தடவகூட கவனிக்கல.

லோகாவும் சரவணனும்

கட்டக் கடைசி வரிசையில ஒரு வீடு. லோகேஸ்வரின்னு ஒரு பொண்ணு, எல்லாரும் லோகான்னு கூப்பிடுவாங்க. செனாய்ல எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில லைன்ல வேலை. நான் கேன்டீன்ல இருக்கறப்பவே தெரியும், அவசரமா தின்னுட்டு தட்டக் கழுவியே வச்சிட்டுப் போகும். புருசன் சரவணன் சிங்கப்பூர்ல வேர்ஹவுஸ் வேலை. விடியறதுக்கு முன்ன மோட்டார் எடுப்பான். சிங்கப்பூருக்குப் போற காஸ்வே பாலத்து ஜாம்ல நின்னு, வேலை பாத்து, திரும்ப ஜாம்ல நின்னு வருவான். புள்ளைங்க இன்னும் இல்ல. தாமான்ல எல்லாரும் இவங்களத்தான் நல்ல ஜோடின்னு சொல்லுவாங்க. எல்லாரும் நல்லதுன்னு சொல்றதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் மூக்கு அரிக்கும்.

ரெண்டாவது தடவ போறப்ப லோகா உள்ள வந்து உக்காந்துச்சு. அவரு உங்களுக்காக எதயாவது விட்டாரான்னு டாக்டர் கேட்டாங்க. பொண்ணு மொகம் அப்படியே மலந்துச்சு.

சிங்கப்பூர்ல சரவணனுக்குக் கம்பெனி ரூம் குடுத்திருந்தாங்களாம். வாடகை இல்ல, ஜாம் இல்ல, வாரத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும். அத விட்டுட்டு, பொண்டாட்டியத் தனியா விடக் கூடாதுன்னு தினம் வர்றாராம். "எனக்காகத்தான் பாட்டி அந்த ஜாம்ல நிக்கிறாரு. நான் அவருக்கு என்ன பண்ணேன் சொல்லுங்க?"ன்னு என்னப் பாத்துக் கேட்டு கண்ணு கலங்கிச்சு.

அப்புறம் கொரல எறக்கிச்சு. பேக்டரியில அதுக்கு சூப்பர்வைசர் வேலை குடுக்கறாங்களாம். ஆனா பினாங்கு பேக்டரிக்குப் போயி ஆறு மாசம் ட்ரைனிங் எடுக்கணும். லைன்ல இத்தன வருசத்துல இப்பதான் ஒரு தமிழ்ப் பொண்ணு பேரு வந்திருக்காம். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடப் போறேன்னுச்சு. அவரு எனக்காக அவ்ளோ விட்டாரு, நான் இதக்கூட விடலேன்னா எப்படி?

புருசன்கிட்ட சொன்னியான்னு கேட்டேன். சொல்லலயாம். சொன்னா அவரு போயிட்டு வான்னு சொல்லிடுவாராம், நல்ல மனசாம், அப்புறம் தனியா கெடந்து கஷ்டப்படுவாராம்.

அடுத்து சரவணன். லோகா வெளிய போச்சு, நான் ரேடியோவக் கூட்டி வச்சேன். எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான், வேலையில ஏதாவது மாத்தம் பண்ணீங்களா, ஏன் பண்ணீங்கன்னு டாக்டர் கேட்டாங்க. பையன் வெக்கப்பட்டு சிரிச்சான்.

"மூட்டப்பூச்சி பாட்டி"ன்னான்.

அந்த ரூம்ல எட்டுப் பேராம். கட்டில் இடுக்கு, சொவரு, பேக்கு எல்லாம் மூட்டப்பூச்சியாம். மெத்தைய மாத்தினாங்களாம், மருந்து அடிச்சாங்களாம், அது பாட்டுக்குத் திரும்ப வந்துச்சாம். ராத்திரி பூரா சொறிஞ்சு சொறிஞ்சு, பகல்ல வேர்ஹவுஸ்ல நின்னுக்கிட்டே தூங்கினானாம். ஒரு நாளு மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துட்டான். வந்து கதவத் தொறந்ததும் இந்தப் பொண்ணு எனக்காகவா வந்தீங்கன்னு கட்டிப் புடிச்சு அழுதுச்சாம். மாமியா வீட்டுக்கு போன் போட்டு சொல்லிச்சாம். தாமான் பூரா சொல்லிச்சாம். அதுக்கு மேல மூட்டப்பூச்சின்னு எப்படிச் சொல்றது? "அவ சந்தோஷமா இருக்கா. அத ஏன் கெடுக்கணும்லா?"ன்னான்.

அவ உங்களுக்காக எதயாவது விட்டாளான்னு டாக்டர் கேட்டாங்க. மோட்டுவளையப் பாத்து யோசிச்சான். பந்து ஆட்டம் பாக்க விட்டா, அப்படின்னு சொல்லிட்டு திரும்பவும் சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

கார்ல

டாக்டர் கார்ல ஏறினாங்க, சாவியப் போட்டாங்க, திருப்பல.

"ஆண்ட்டி, ஒண்டும் சொல்லக் கூடாது."

"நான் என்னங்க சொல்லப் போறேன்."

"உங்கட முகம் சொல்லுது."

மொகத்த ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டேன். ஒரு பொண்ணோட சூப்பர்வைசர் வேலை போகப் போவுது, எதுக்காகன்னா நடக்காத ஒண்ணுக்காக. அது நடக்கலன்னு தெரிஞ்ச ரெண்டு பேரு கார்ல வாயப் பொத்திக்கிட்டு இருக்கோம். டாக்டரப் பாத்தேன். மீன் தொட்டியில மீன் பாக்கற மாதிரி பாக்கறாங்களோன்னு ஒரு நெனப்பு. அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னாலும் இவங்க ஆராய்ச்சிக்குத் தேவையானது கெடச்சிடும், சரின்னு சொன்னாலும் கெடச்சிடும். யாரு அழுதாலும் இவங்களுக்கு நட்டம் இல்ல.

சரவணனயும் நான் நம்பல. பினாங்கு சமாச்சாரம் அவனுக்குத் தெரியும்னே நெனச்சேன். ஒரே வீட்டுல இருக்கறவங்க, ஒரே போன் சார்ஜர். எப்படித் தெரியாம இருக்கும்? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தா அவளே வேணாம்னு சொல்லிடுவா, இவன் நல்ல பேர வச்சுக்கிட்டு சூடா சோறு திம்பான்னு கணக்குப் போட்டேன். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பாத்தப்ப, லோகா வேலையெல்லாம் எப்படிப் போவுது தம்பின்னு சும்மா கேட்டேன். ஓகேலா பாட்டின்னான். அந்த ஓகேலாவ வச்சுக்கிட்டு ஒரு வாரம் தூங்காம கெடந்தேன்.

அடுத்தடுத்த ஞாயித்துக்கெழமயும் போனோம். லோகா ஒவ்வொரு தடவயும் இன்னும் கொஞ்சம் விட்டுக்குடுத்திருந்துச்சு. அக்கா வீட்டுக்குப் போகல. பிரெண்ட்ஸோட மலாக்கா போகல. பேக்டரியில பதில் கேட்டுக்கிட்டே இருக்காங்க, கடைசி நாள்ல சொல்லிக்கலாம்னு இருக்கேன்னுச்சு. சரவணன் ஒவ்வொரு தடவயும் பந்து ஆட்டந்தான் சொன்னான்.

கடைசித் தடவ

கடைசி விசிட்டு மட்டும் ரெண்டு பேரையும் சேத்து உக்கார வக்கணும். மூணு காலு ஸ்டாண்டுல கேமராவ வச்சிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகாத ஒரு விசயத்தப் பேசுங்கன்னு சொல்லணும். சனங்க எவ்ளோ கெட்டின்னு அன்னிக்குத்தான் பாக்கலாம். வாரா வாரம் உள்ள உக்காந்து மாமியாரு, குடி, பழைய காதலின்னு கொட்டினவங்க, கேமராவப் பாத்ததும் ஏர்கான் நம்பரப் பத்திப் பேசுவாங்க.

லோகாவும் சரவணனும் ஜன்னல் துணியப் பத்திப் பேசினாங்க. பச்சையா, நீலமா. உங்களுக்குப் புடிச்சது போடுங்கன்னு இது சொல்லுது, உனக்குப் புடிச்சது போடுன்னு அவன் சொல்றான். எனக்குக் கொட்டாவி வந்துச்சு. மறுநாளு காலையில லோகா பேக்டரிக்குப் பதில் சொல்லணும்.

பேசி முடிஞ்சுது. மத்த வீட்டுலன்னா டாக்டர் கேமராவ நிறுத்திட்டு தேங்க் யூ சொல்லுவாங்க. இங்க நிறுத்தல. கையில இருந்த பேப்பரக் கவுத்து மடியில வச்சாங்க.

"இன்னும் ஒண்டு. நீங்கள் இதுவரைக்கும் மற்றவரிட்ட கேக்காத ஒரு கேள்வியை இப்ப கேளுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது எந்த வீட்டுலயும் கேட்டது இல்ல.

சரவணன் மொதல்ல கேட்டான். என் நீலச் சட்டை எங்க போச்சு? லோகா, அது அடுப்புத் தொடைக்கிற துணி ஆயி ரொம்ப நாளாச்சுன்னுச்சு. அவன் அடிப்பாவின்னு சிரிச்சான். அப்புறம் லோகா. வெரல மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"ஜாம்ல நிக்கிறப்ப என் மேல கோவம் வருமா? எனக்காக ரூம விட்டுட்டு வந்தோமேன்னு?"

சரவணன் டாக்டரப் பாத்தான். டாக்டர் கேமராவப் பாத்தாங்க. என்னப் பாத்தான். நான் மேல சுத்தற காத்தாடியப் பாத்தேன். அவனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது. பொய் சொல்லணும்னா மூணு பேருக்குச் சேத்து சொல்லணும், அதுல ரெண்டு பேருக்கு உண்மை தெரியும். ரோட்டுல ஐஸ்கிரீம் வண்டி மணி அடிச்சுக்கிட்டே போச்சு. அது தாமான் முக்குத் திரும்பினதும் லோகா பக்கம் திரும்பி உக்காந்தான்.

"உனக்காக வரல லோகா. அங்க மூட்டப்பூச்சி. தாங்க முடியல."

லோகா சிரிக்கும்னு நெனச்சேன். சிரிக்கல.

"மூட்டப்பூச்சிக்கா நான் பினாங்கு வேணாம்னு சொல்லப் போறேன்?"

"எந்தப் பினாங்கு?"ன்னான்.

அவன் மொகத்த அப்பப் பாத்தேன். கேன்டீன்ல ஆயிரம் பேரு மொகம் பாத்தவ நான், காசு குடுக்காம நழுவறவன் மொகம் தனியாத் தெரியும். இது அது இல்ல. நெசமாவே தெரியாது. அந்த ஓகேலா வெறும் ஓகேலாதான். என் ஒரு வாரத் தூக்கம் தெண்டம்.

லோகா எல்லாத்தயும் சொல்லிச்சு. ஏன் என்கிட்ட சொல்லலேன்னு அவன் கத்தினான். சொன்னா நீங்க போன்னு சொல்லுவீங்கன்னுச்சு.

"நான் ஏன் போன்னு சொல்றேன்? போகாதன்னுதான் சொல்லுவேன். ஆறு மாசம் இந்த வீட்டுல நான் தனியா என்ன பண்றது? எனக்குப் புடிக்கல."

சொல்லிட்டு அவனே பயந்துட்டான். இந்தக் கல்யாணத்துல அவன் வாய் தொறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது அதான் மொதத் தடவயா இருக்கும். லோகா அவனயே பாத்துச்சு. கோவம் எறங்கின மாதிரி இருந்துச்சு, ஆனா எறங்கின எடத்துல வேற என்னமோ உக்காந்திருச்சு.

"நீங்க போன்னு சொல்லுவீங்க, நல்லவருன்னு நெனச்சுத்தான் போக மனசு வரல. இப்ப போகாதன்னு சொல்றீங்க. சரி, உங்களுக்கு வேண்டியத கேட்டுட்டீங்க. நானும் யோசிச்சுட்டேன். நான் போறேன்."

அவன் எந்திரிச்சு குசினிக்குப் போனான். கப்ப டமார்னு வக்கிற சத்தம் கேட்டுச்சு. தண்ணிக் கொழாய் ரொம்ப நேரம் ஓடிச்சு. திரும்பி வந்து செவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, மொகத்த உர்ருன்னு வச்சுக்கிட்டே கேட்டான்.

"சனிக்கெழம சாயங்காலம் பினாங்குக்கு பஸ் இருக்கா?"

இருக்கும்னு லோகா சொல்லிச்சு. அவ்ளோதான். கட்டிப் புடிக்கல, ஒண்ணும் இல்ல. கிளம்பறப்பகூட அவன் எங்களுக்குப் போயிட்டு வாங்கன்னு சொல்லல.

கத்துக்கிட்டது

லோகா இப்ப பினாங்குல இருக்கு. சரவணன் சில வாரம் போறான், சில வாரம் ஜாம்ல களைச்சுப் போயி போகறது இல்ல. போகாத வாரம் போன்ல சண்டை. தாமான்ல இப்ப யாரும் அவங்கள நல்ல ஜோடின்னு சொல்றது இல்ல. எனக்கு அவங்க மேல இருந்த சந்தேகமும் பாதி கொறஞ்சிடுச்சு.

இந்த மாதிரி வேலைக்கு வர்ற சின்னப் புள்ளைங்களுக்கு, கட்டிக்கப் போறவங்களுக்கும் சேத்து, நான் பாத்தத சொல்றேன். விட்டுக்குடுக்கறது தப்பு இல்ல. ஆனா அவரு எனக்காகத்தான் பண்றாருன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டு, கேக்காம பதிலுக்கு எதயும் விடாதீங்க. வாய் தொறந்து கேளுங்க. உங்களுக்காக ஒருத்தர் எதயாவது விட்டிருந்தா, கேட்டா சொன்னாலும் சொல்லுவாரு. மூட்டப்பூச்சின்னா அதுவும் தெரிஞ்சிடும். ஆனா உண்மையா விட்டவங்க முக்காவாசிப் பேரு கேட்டாலும் வாயத் தொறக்கறது இல்ல, அதான் கஷ்டம்.

அந்தக் கடைசி விசிட்டு அன்னிக்குக் கார்ல திரும்பி வர்றப்ப டாக்டர் ஒண்ணு சொன்னாங்க. பேப்பர்ல இல்லாத கேள்வியக் கேட்டுட்டதால அந்த வீட்டை ஆராய்ச்சியில சேக்க முடியாதாம். அவ்ளோ வாரம் போயி வந்தது, பேசினது, எல்லாத்தயும் வெளிய வச்சிடணுமாம். மேல இருக்கற புரோபசர் ஏன்னு கேப்பாராம். அதுக்கும் பதில் சொல்லணுமாம். மீன் தொட்டியப் பாக்கற மாதிரி பாக்கறாங்கன்னு நெனச்சேனே டாக்டர. அப்ப ஏங்க கேட்டீங்கன்னு கேட்டேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு, "எனக்குப் பசிக்குது ஆண்ட்டி, தோசை சாப்பிடுவமா?"ன்னாங்க. இத யார்கிட்டயும் சொல்ல வேணாம்னும் சொன்னாங்க.

நான் லோகாகிட்ட சொல்லிட்டேன். நான் கையெழுத்துப் போட்டது வீட்டுக்குள்ள பேசினதுக்கு. இது கார்ல பேசினது. அதோட லோகாவுக்குத் தெரியணும். தெரியலேன்னா டாக்டர் விட்டதையும் சரவணன் பேருல எழுதிக்கிட்டு, அவனுக்குத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சிடும்.